உன் பிள்ளை கத்திய சொல்

மத்தியானத் தூக்கத்தில் மட்டும் வந்துபோகிற என் நரசம்மாவுக்கு,

நேற்றும் வந்தாய். சோறு தின்ற களைப்பில் வாசற்படியிலேயே தலையைச் சாய்த்தேன், வெளியே தூறல், அவ்வளவுதான். ஈரத் தலையோடு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாய். உன் புடவை ஓரத்தில் நாற்றங்கால் சேறு அப்படியே இருந்தது. வழக்கம்போல அதையேதான் கேட்டாய். “நா கொடுக்கு எக்கட, வதினா?” என் பிள்ளை எங்கே, அண்ணி?

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கனவில் எனக்கு நீ கற்றுக்கொடுத்த தெலுங்கும் வரவில்லை, என் தமிழும் வரவில்லை. மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன். நீயும் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்தே தெரியாது, எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தெரியும். நான் எங்கே பிழை விட்டாலும் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை என்கிற தைரியம்தான். நம் மாதர் சங்கத்துப் பெண்கள் கையால் எழுதி ஒட்டுகிற பத்திரிகையில் இதைப் போடுகிறேன் என்கிறார்கள். போடட்டும். உன் பிள்ளையைப் பற்றி ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது, இதையும் படிக்கட்டும்.

நீ கண்மூடின பிறகு உன் பிள்ளை வெங்கடேசு இங்கேயே தங்கிவிட்டான். பால்குடி மறந்த வயசில் அவனைச் சூளூர்ப்பேட்டைக்கு அந்தாண்டை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு, கிணறு வெட்ட வந்த கூட்டத்தோடு நீ இங்கே வந்தாய். கடைசியில் உன்னைப் பார்த்துக்கொள்ளத்தானே அவன் வந்தான். அவனுக்குத் தமிழ் எங்கே தெரியும்? ஆஸ்பத்திரி இரும்புக்கட்டிலில் படுத்துக்கொண்டு நீ அவனுக்கு ஒரே ஒரு சொல் சொல்லிக்கொடுத்தாய். நானும் பக்கத்தில் இருந்தேன். யார் எதைக் கேட்டாலும் ‘சரிங்க’ என்று சொல்லுடா, அடி விழாது, வேலை போகாது என்றாய். அவனும் ‘சரிங்க’ என்றான். நீ சிரித்தாய். இருமல் வந்துவிட்டது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவன் ஹைவே ஓரத்துக் குழாய் கம்பெனியில் சேர்ந்தான். ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய சிமெண்டுக் குழாய்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, உருண்டுவிடாமல் அடியில் முட்டுக் கல் வைத்திருப்பார்கள். பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், அந்தக் குழாய்களுக்குள்ளே வானம் வட்ட வட்டமாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும்.

அங்கே மேஸ்திரி ஒருத்தர். உன் பிள்ளையை அவருக்கு ஆகாது. “இன்னா கொல்ட்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற? பேசேன்டா!” என்பாராம். இவன் ‘சரிங்க’ என்பானாம். எல்லாரும் சிரிப்பார்களாம். ஒருநாள் கூட வேலை செய்த சீனு என்கிற தெலுங்குப் பையன் அதற்கெல்லாம் அர்த்தம் சொல்லிவிட்டான். அன்றைக்கு இவன் சோற்றுத் தூக்கை மேஸ்திரி காலடியில் வீசிவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. மண் ஊறிப்போய்க் கிடந்தது. குழாய் அடுக்கு சரிந்து மேஸ்திரி மேலே உருண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

கேள் நரசம்மா, கலங்காமல் கேள். உன் பிள்ளைதான் முட்டுக் கல்லைத் தட்டிவிட்டான் என்று கொலைக் கேஸ் போட்டார்கள். முதல்நாள் சண்டை. கல் பக்கத்தில் நின்றவன் இவன். குழாய் உருளும்போது சீனுவைப் பார்த்து ‘தப்பிச்சுக்கோ’ என்று கத்தினான் என்று கூட வேலை செய்த மணி சாட்சி சொன்னான். சீனுவும் பயத்தில் ஓடியே போய்விட்டான், இன்றுவரை ஆளைக் காணோம். முன்கூட்டியே தெரிந்தவன்தானே தன் ஆளை மட்டும் தப்பிக்கச் சொல்வான் என்றார்கள், வேறு என்ன வேண்டும்? கேட்டவர்களுக்கெல்லாம் இவன் ‘சரிங்க’ என்று வேறு சொல்லி வைத்திருக்கிறான்.

நானே நம்பினேனா? நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ‘தப்பிச்சுக்கோ’ என்று கத்தினானாமே என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

பிள்ளை ஜெயிலில் இருக்கும்போதே இந்த வருஷம் வந்தது. வைகாசியில் நம் ஊர்க் கூட்டத்துக்கு வந்த டெல்லித் தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள், நம் ஊர்ப் பெயரை ரேடியோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. நீ இருந்திருந்தால் பயந்து போயிருப்பாய். அதற்கப்புறம் வேற்று முகம், வேற்றுப் பேச்சு என்றால் டீக்கடைக்காரன்கூட ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். அந்த நேரத்தில்தான் ஜில்லா கோர்ட்டில் உன் பிள்ளையின் கேஸ் எடுத்தார்கள்.

கோர்ட்டு என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். உயரமான கூரை. நீளக் கம்பியில் தொங்குகிற காற்றாடி, தூக்கத்தில் சுற்றுவது மாதிரி மெதுவாகச் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். கூண்டில் உன் பிள்ளை நின்றான். இளைத்து, உன் ஜாடை இன்னும் கூடிப்போய். ஒரு நிமிஷம் நீயே நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

குற்றத்தைப் படித்தார்கள். ஜட்ஜையா கேட்டார். “மேஸ்திரியைக் கொலை செய்ததாக உன்மேல் குற்றம். ஒப்புக்கொள்கிறாயா?”

“சரிங்க” என்றான் உன் பிள்ளை.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டேன். எழுதுகிறவர் எழுத ஆரம்பித்தார். ஜட்ஜையா கையைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி இவனையே பார்த்தார்.

“உன் பேர் ராமசாமியா?”

“சரிங்க.”

“நீதான் இந்த ஜில்லாவுக்கு கலெக்டரா?”

“சரிங்க.”

கோர்ட்டே சிரித்தது. பின்னால் ஒருத்தன், “கலெக்டரய்யா, எங்கூர் ரோட்டைப் போட்டுக் குடுங்க” என்றான். ஜட்ஜையா மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று புரியாதவனை வைத்துக்கொண்டு இங்கே எதையும் நடத்த முடியாது என்றார். இவனுக்கு வக்கீல் யார் என்று கேட்டார். யாரும் இல்லை. அப்படியானால் சர்க்கார் செலவில் ஒரு வக்கீல் போடுங்கள், இவன் பாஷை தெரிந்தவர் ஒருவரும் வந்தாக வேண்டும், அதுவரைக்கும் கேஸ் நிற்கட்டும் என்றார். இதெல்லாம் தயவா என்று பிறகு வக்கீலையே கேட்டேன். “தயவு இல்லைம்மா, அவன் உரிமை” என்றார். அந்தச் சொல்லை நான் மேடையில் பேசுகிறவர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். நம் வெங்கடேசுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதாமே?

வக்கீல் பெயர் அருளப்பன். மொபெட்டில் வருவார், மழை வந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு தான் நனைவார். அவரிடம் போய் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“சார், ஆளெல்லாம் தேட வாணாம். எனக்குத் தெலுங்கு வரும். அவங்கம்மாகூட சேந்து நாத்து நட்டு நட்டுக் கத்துகினேன்.”

“அவன் உங்களுக்கு இன்னா வேணும்மா?”

“பிள்ளை மாதிரி.”

“அதான் கூடாது. அவனுக்குச் சாதகமா சொல்லிட்டீங்கன்னு எதிர் வக்கீல் புடிச்சுக்குவாரு.”

“நான் பொய் சொல்வேனா சார்?”

“சரி, ஒண்ணு கேக்குறேன். அவன் தனக்கே கெடுதலா ஒரு வார்த்தை சொல்றான்னு வைங்க. அப்டியே ஜட்ஜு கிட்ட சொல்வீங்களா?”

“அவன் ஏன் சார் அப்டி சொல்லப் போறான்?”

“பாத்தீங்களா?” என்று சிரித்துவிட்டு மொபெட்டை உதைத்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள், என்னைத் தாண்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள் நான். என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாரே என்று இருந்தது.

மொழிபெயர்க்க வந்தவர் சுப்பராயுடு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒடிசலான உடம்பு, ஸ்டேஷனில் வண்டி வருவதைச் சொல்கிற குரல். மேலும் இல்லை, கீழும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். இவரா நம் பிள்ளைக்காகப் பேசப் போகிறார் என்று எனக்கு ஒரே கசப்பு. அழக்கூடத் தெரியாத குரல்.

மணி சாட்சி சொல்ல வந்தான். அவன் தமிழில் சொல்லச் சொல்ல, சுப்பராயுடு தாழ்ந்த குரலில் உன் பிள்ளையின் காதில் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நான் காற்றாடியைப் பார்த்தேன். அந்தத் தெலுங்கு மழை இரைவது மாதிரி இருந்தது. உன் குரல் எங்கோ ஓர் அறைக்கு அப்பால் பேசுவது மாதிரி. கண் செருகியது, நரசம்மா. வயலில் நாம் இரண்டு பேரும் குனிந்து நிற்கிறோம், தண்ணீரில் மேகம் போகிறது, நீ ஏதோ சொல்கிறாய்...

“காது! காது!”

விழித்துப் பார்த்தேன். உன் பிள்ளை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். “காதுல இன்னாடா, பூச்சியா பூந்துச்சு?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். உனக்குத் தெரியும், அவன் ‘இல்லை, அது இல்லை’ என்கிறான். மணி சொன்னது அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. ஜெயிலில் கிடந்த இத்தனை காலத்தில், தான் என்ன கத்தியதாகச் சொல்கிறார்கள் என்பது அவன் காதுக்கு வந்ததே அப்போதுதான்.

பிறகு அவன் அன்றைக்குக் கத்தின மாதிரியே அந்தச் சொல்லைக் கத்தினான். கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் கத்தினான்.

“தப்புக்கோ! தப்புக்கோ!”

சத்தம் கூரையில் போய் முட்டியது. எல்லாரும் கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பராயுடு மட்டும் அவர் வேலையைச் செய்தார். வண்டி வருகிற குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னார். “விலகிக்கோ. விலகிக்கோ.”

“என்ன சொன்னீர்கள்?” என்றார் ஜட்ஜையா.

“தெலுங்குல தப்புன்னா நம்ம தப்புதான் ஐயா. ஆனா தப்புக்கோன்னா வழிய விட்டு விலகிக்கோன்னு அர்த்தம்.”

அருளப்பன் மெதுவாக எழுந்தார். மணியிடம் கேட்டார்.

“நீங்க கேட்டது ‘தப்பிச்சுக்கோ’வா, இப்ப இவன் கத்தினானே அதுவா?”

“இதான் சார். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சிகினேன்.”

“யாரைப் பாத்துக் கத்தினான்?”

“மேஸ்திரி நின்ன பக்கமா பாத்து. அவருக்குப் பின்னாலதான் சீனு இருந்தான். அவனுக்குச் சொல்றான்னு...”

“மேஸ்திரி அதுக்கு இன்னா பண்ணாரு?”

மணி திரும்பி உன் பிள்ளையைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் விளங்குகிறது போல இருந்தது.

“போய்கினே இருந்தவரு நின்னாரு சார். நின்னு திரும்பி இவனைப் பாத்து, ‘இன்னாடா தப்பு?’ன்னு கேட்டாரு.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள குழாய் வந்துடுச்சு சார்.”

நரசம்மா, அந்தக் காற்றாடி சுற்றுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த மனுஷன் நிற்காமல் நடந்திருந்தால் பிழைத்திருப்பார். காப்பாற்றக் கத்திய சொல்தான் அவரை நிறுத்திவிட்டது. வேலையில் தப்புச் சொல்கிறான் என்று நினைத்துக் கோபமாகத் திரும்பியிருக்கிறார். யார்மேல் பழி போடுவது? நடுவில் கிடந்த அந்த ஒரு சொல்லை யாராவது எடுத்து இந்தப் பக்கம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்க அங்கே ஆள் இல்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி பெண்சாதி செங்கேணி. அதுவரைக்கும் என் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பிறகு ஜட்ஜையா உன் பிள்ளையிடமே நேரில் கேள்வி கேட்கிற நாள் வந்தது. மேஸ்திரிமேல் உனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லுடா என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? சுப்பராயுடு சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உன் ரத்தம்தானே, மறைக்கத் தெரியாது.

“கோபம் இருந்தது. அவர் என் பேச்சைக் கேலி செய்தார். அவர் இறந்ததைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் குழாய் வரும்போது அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. மனிதன் நிற்கிறான் என்றுதான் தெரிந்தது.” சுப்பராயுடு இதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் விழுங்காமல் அப்படியே சொன்னார்.

நானாயிருந்தால் அந்த ‘அழுகை வரவில்லை’யை விழுங்கியிருப்பேன். சத்தியமாக விழுங்கியிருப்பேன். ‘அய்யோ, அழுதேன் சாமி’ என்றுகூடச் சேர்த்திருப்பேன். ஜட்ஜையா முகத்தைப் பார்த்தேன். கெடுதலையும் மறைக்காமல் சொன்னதால்தான் மிச்சத்தையும் அவர் நம்புகிறார் என்று எனக்கே தெரிந்தது. அருளப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காற்றாடியைப் பார்த்துக்கொண்டேன்.

குழாய் இருந்த இடத்து மண் எப்படி ஊறியிருந்தது, கல் எப்படி நழுவியிருக்கும் என்பதையெல்லாம் விசாரித்தார்கள். ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. விடுதலை.

அதைக்கூட அவனுக்குச் சுப்பராயுடுதான் தெலுங்கில் சொன்னார், அதே வண்டி வருகிற குரலில். உன் பிள்ளை கையைக் கூப்பினான். வாய் ‘ச’ என்று திறந்தது. பிறகு நிறுத்திக்கொண்டு என்னைத் தேடினான்.

வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் செங்கேணி நின்றிருந்தாள். நான் அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டேன், என்ன சொல்வாளோ என்று. அவள் என்னிடம்தான் கேட்டாள்.

“யக்கா, அந்த வார்த்தை இன்னா? இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு அவனை.”

நான் அவனிடம் தெலுங்கில் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, கத்தாமல், மெதுவாகச் சொன்னான். “தப்புக்கோ.”

“தப்புக்கோ” என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். “எங்க ஆளுக்காகவா அப்டி கத்துன?”

நான் அதை அவனுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.  “எனுக்காச்சும் யாரனா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. இத்தினி நாளா இவனைச் சபிச்சிகினே கெடந்தேனே” என்றாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடக்கிறது என்று யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். தண்டலம் தாண்டியதும் கண் அசந்தது. அப்போதுதான் வந்தது, அத்தனை நாள் வராத ஞாபகம்.

இதே ஹைவே. நாம் கீரைக் கட்டோடு ரோட்டைக் கடக்கிறோம். நான் முன்னால், நீ பின்னால். லாரி வந்ததை நான் பார்க்கவில்லை. நீ கத்தினாய். என் கால் தானாகத் துள்ளி ஓரத்துக்குப் போய்விட்டது. கீரைதான் நசுங்கியது. அன்றைக்கு நீ கத்தியதும் இதே சொல்தானேடி! ‘தப்புக்கோ, வதினா!’ என்னடி தப்பு என்று நான் நின்று கேட்கவில்லையே. அதற்குள் உன் பேச்சு என் காலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இது எப்படி மறந்தது எனக்கு? கோர்ட்டில் உன் பிள்ளை கத்தும்போதுகூட வரவில்லையே? நீதான் பஸ்ஸில் வந்து ஞாபகப்படுத்தினாயா?

நாம் நட்ட வயல்களில் பாதியை அளந்து கல் நட்டுவிட்டார்கள். கம்பெனிகள் வரும் என்கிறார்கள். எந்தெந்த ஊரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வரப் போகிறார்களோ, எந்தெந்தப் பாஷையில் கத்தப் போகிறார்களோ, தெரியவில்லை. ஒவ்வொருத்தனுக்கும் ஓர் அம்மா ‘சரிங்க’ என்று சொல்லிக்கொடுத்துத்தானே அனுப்புவாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் கொடுக்கு நம் வீட்டில் இருக்கிறான், நரசம்மா. இப்போது கூடத்தில் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பழைய பலகையில் ‘அ’ போட்டுக்கொண்டிருக்கிறான். கோணலாகத்தான் வருகிறது. நீ சொல்லிக்கொடுத்தது அன்புதான், அடி விழக்கூடாது என்று சொன்னாய். நான் அதோடு இன்னொன்றைச் சேர்த்திருக்கிறேன். ‘புரியலீங்க.’ யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்து கேட்டாலும், புரியாவிட்டால் தலை நிமிர்ந்து அதைச் சொல்ல வேண்டும். காலையில் சொல்லச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான். இன்னும் உரக்கச் சொல்லுடா என்றேன்.

“சரிங்க” என்றான் கழுதை.

விடமாட்டேன். அந்தச் சொல் அவன் வாயில் தானாக வருகிற வரைக்கும் நான் உன்னிடம் வருவதாக இல்லை. அதுவரைக்கும் மத்தியானங்களில் நீயே வந்துபோ. கனவில் எனக்குப் பேச்சு வராவிட்டால் அவனைக் கூப்பிட்டு நிறுத்துகிறேன், அவன் சொல்வான்.

உன்னால் ரோட்டோரம் விலகி உயிரோடு இருக்கிற
உன் வதினா,
கன்னியம்மாள்